பால் எந்த பஸ்ஸில்

மூன்று ஊர்க் கோர்ட்டிலும் ஒரே நாளில், ஒரே பத்தரை மணிக்குக் கேஸ் விழுந்து, மூன்று நீதிபதிகளும் வாய்தா கிடையாது என்று கையை விரித்துவிட்ட திங்கட்கிழமை காலையில், வக்கீல் சகாயராணி மூங்கில்பாடி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், வெள்ளைப் புடவையின் தலைப்பை இழுத்துச் செருகினாள், பிறகு வேறு வழி தெரியாமல் மூன்று பஸ்ஸிலும் ஏறினாள்.

தமிழ்நாடு வண்டி ஆடுமலைக்குப் போனது, கேரளா வண்டி சேரங்கடவுக்குப் போனது, கர்நாடகா வண்டி யானைக்காட்டின் நடுவே ஹுலிக்கட்டேக்குப் போனது. மூன்றிலும் ஜன்னலோரமாக அவளே உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோட்டு மூன்று பேருக்கும் இருந்தது. ஆனால் டிபன் டப்பா ஒன்றுதான், அது கர்நாடகா வண்டியோடு போய்விட்டது. குடை கேரளாவுக்குப் போனது. செல்போன் ஆடுமலைக்காரியின் கையில் இருந்தது. பால் யாரோடு போனதென்று மட்டும் அன்று மத்தியானம் ஜாக்கெட் நனையும்வரை அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் செலஸ்டின், வாயில் நுழைந்த பெயர் செல்லி. புட்டிப்பால் வைத்தால் தட்டிவிடுவாள், பவுடர் பால் வைத்தால் துப்பிவிடுவாள், பசும்பாலைச் சங்கில் ஊற்றினால் கழுத்து வழியாகத் திருப்பித் தந்துவிடுவாள். அம்மாவின் பால் ஒன்றுதான் இறங்கும். அம்மா மூன்று மாநிலத்தில் தொழில் செய்கிறாள் என்பதெல்லாம் செல்லிக்குத் தெரியாது.

மூங்கில்பாடிக்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. சகாயராணி பிறந்து வளர்ந்த விதம் அவர்களுக்குத் தெரியும். அப்பா டொமினிக் இலங்கையிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு வந்து இந்த மலையில் தேயிலை பறித்தவர். அம்மா சேரங்கடவுப் பக்கத்து மலையாளக்காரி. இரண்டு பேரும் கொழுந்துக் காட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் பிள்ளையை ஹுலிக்கட்டேயில் செண்டுமல்லி பயிரிடும் சித்தி வீட்டில் விட்டுவைத்தார்கள். அதனால் அவள் கன்னடத்தில் சண்டை போட்டாள், மலையாளத்தில் ஜெபம் சொன்னாள், தமிழில் கனவு கண்டாள். கான்வென்டில் சேர்த்தபோது எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்ட மதர் சுப்பீரியருக்குப் பதில் சொல்ல அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆனது. மைசூரில் சட்டம் படித்துவிட்டு, சென்னையில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, மூங்கில்பாடிக்கே திரும்பி வந்தாள். முதல் கேஸ், செக்போஸ்ட்டைத் தாண்டி மேய்ந்து அங்கேயே கன்று போட்டுவிட்ட ஒரு மாடு. இரண்டாவது கேஸ், தாலி இந்தப் பக்கமும் விருந்து அந்தப் பக்கமும் நடந்த ஒரு கல்யாணம். எல்லையில் என்ன தகராறு வந்தாலும் மூன்று பாஷையிலும் மனு எழுதத் தெரிந்த ஒரே வக்கீல் என்று அவளிடமே வந்தார்கள். இத்தனை நாள் ஒரே ஆளாகச் சமாளித்ததுதான் பெரிசு என்றார்கள் ஊரில்.

ஆனாலும் காரணம் என்று ஒன்று சொல்ல வேண்டுமே, அதையும் சொன்னார்கள். அவள் புருஷன் பெஞ்சமின் பஸ் ஸ்டாண்டிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான்.

"ஜெராக்ஸ்காரன் பொண்டாட்டி இல்லையா, கைக்கு வாட்டமா இருக்குன்னு ரெண்டு காப்பி கூடப் போட்டுட்டான்" என்றார் டீக்கடை குஞ்ஞாலி காக்கா. "ஏ பெஞ்சமினே, இதுல ஒரிஜினல் எதுடா?"

"மூணும் என்னைத் திட்டுது காக்கா. அப்ப மூணும் ஒரிஜினல்தான்."

அன்றிலிருந்து தினமும் பகல் முழுக்கச் செல்லி கடைக்குள் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே கட்டிய தூளியில் கிடப்பாள், மெஷின் உறுமினால் தூங்குவாள், காகிதம் தீர்ந்து மெஷின் நின்றால் விழித்து அழுவாள். சாயங்காலம் பஸ்கள் ஒவ்வொன்றாக வரும். முதலில் வந்தவள் குழந்தையை வாங்கிக்கொள்வாள், இரண்டாவதாக வந்தவள் வந்து குழந்தையின் காலைப் பிடிப்பாள், மூன்றாவதாக வந்தவள் தலையைத் தடவுவாள், அவ்வளவுதான், மூன்று மடிப்பும் சேர்ந்து ஒரே புடவை ஆவதுபோல ஒரே சகாயராணி ஆகிவிடுவாள். அதன்பிறகுதான் காலையிலிருந்து யார் யார் என்னென்ன வாதாடினோம் என்பது அவளுக்குத் தெரியவரும்.

பால் இல்லாதவள் முதலில் வந்துவிட்டால்தான் தொல்லை. செல்லி அவள் மாரில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பிறழ்சாட்சியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கத்த ஆரம்பிப்பாள். அந்தக் கத்தலை பஸ் ஸ்டாண்டில் யாராலும் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளில் கண்டக்டர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாலு மணிக்கு மேல் பெஞ்சமினுக்குப் போன் வரும்.

"வக்கீலம்மா சொல்லச் சொன்னாங்க. பால் இந்த வண்டியில இல்ல."

"சாரே, பால் இதிலுண்டு. பாறை விழுந்து ரோடு பிளாக். பிள்ளையைக் கொஞ்சம் சமாதானம் பண்ணி வை."

குஞ்ஞாலி காக்கா அதைக் கரித்துண்டால் டீக்கடைப் பலகையில் வடை, போண்டாவுக்குக் கீழே எழுதிவைப்பார்: பால், கேரளா வண்டி. ஊருக்கு வருகிற போகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் டீ சொன்னார்கள். வெளியூர்க்காரர் ஒருத்தர் கேரளாவிலிருந்து வருகிற பாலில்தான் இங்கே டீ போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ருசியே தனி என்று பாராட்டிவிட்டுப் போனார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள், சகாயராணியைத் தவிர. எந்த பஸ்ஸில் இருந்தாலும் அவளுக்கு ஒரே பயம். கர்நாடகா வண்டியில் இருப்பவள், காட்டு ரோட்டில் யானை குறுக்கே நின்று டிரைவர் என்ஜினை அணைத்துவிட்ட நிசப்தத்தில், கோட்டுக்கு உள்ளே பால் கசிவதை உணர்ந்துகொண்டு, கான்வென்டில் படித்த ஜெபங்களை எல்லாம் யானையின் முதுகைப் பார்த்துச் சொல்லுவாள். கேரளா வண்டியில் இருப்பவள் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் மூன்றில் ஒரு பங்கு வராமல் போனால் என்ன ஆகும், அந்தப் பங்கில் பால் இருந்தால் என்ன ஆகும் என்று மூன்று ஜன்னல்களிலும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் நினைத்து, மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பலாமரக் கேஸ் வந்தது.

மாதன் செட்டியின் பலாமரம் தமிழ்நாட்டில் நின்றது. அதன் பெரிய கிளை எல்லைக்கல்லைத் தாண்டி வளைந்து, கேரளாவில் வர்கீஸின் மாட்டுக்கொட்டகைத் தகரத்தின்மேல் காய்த்தது. பழம் பழுத்துத் தகரத்தில் விழும், தகரம் நசுங்கும், மாடு மிரளும், வர்கீஸ் பழத்தைத் தின்பார், மாதன் செட்டி எல்லைக்கல்லில் நின்று ஏசுவார். மாதன் செட்டி ஆடுமலைக்குப் போய் அங்கிருந்த சகாயராணியிடம் வக்காலத்து கொடுத்தார். அதே நாள், அதே நேரம், வர்கீஸ் சேரங்கடவுக்குப் போய் அங்கிருந்த சகாயராணியிடம் வக்காலத்து கொடுத்தார்.

சாயங்காலம் செல்லியைத் தொட்டு ஒன்றானதும் அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு கேஸை விட்டுவிட வேண்டும் என்று உடனே முடிவு செய்தாள், உறுதியாகத்தான் முடிவு செய்தாள். ஆனால் மறுநாள் காலையில் பஸ் ஏறிப் பிரிந்ததும், ஆடுமலைக்காரி சேரங்கடவுக்காரி விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள், சேரங்கடவுக்காரி ஆடுமலைக்காரி விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகி வெட்கப்பட்டார்கள், தினமும் காலையில் பிரிந்து வாதாடினார்கள். பழம் எங்கே விழுந்தாலும் அது வேருக்குச் சொந்தம் என்று ஆடுமலையில் அவள் பேசியபோது கோர்ட் ஹாலில் ஈ பறக்கவில்லை. விழுகிற எதுவும் அது விழுந்த மடிக்குச் சொந்தம் என்று சேரங்கடவில் அவள் பேசியபோது டவாலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் தோசை திருப்பும்போது அவள் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்வதைக் கேட்டுப் பெஞ்சமின் மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவான்.

இரண்டு கோர்ட்டிலும் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் அவள் ஜெயித்தாள்.

ஆடுமலை வக்கீல் சங்கத் தலைவர் ஆளவந்தார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரிடம்தான் அவள் முதலில் ஜூனியராக இருந்தாள். தலை நரைத்தவர், வாயில் எப்போதும் கிராம்பு.

"ஏம்மா சகாயராணி, நீ மூணா வா, முப்பதா வா, எனக்கென்ன. ஆனா ஒரு வக்கீல் ரெண்டு கட்சிக்கும் ஆஜராகலாமா? எனக்கு ஜூனியரா இருந்தியே, இதையா நான் சொல்லிக்கொடுத்தேன்?"

"தப்புதான் சார். நான் விட்டுக்கொடுப்பேன்னு நான் நினைச்சுட்டேன்."

"நான் புகார் குடுக்கப்போறேன், இப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன். நீ ஒரே ஆளுன்னா ரெண்டு கட்சிக்கும் நின்னதுக்கு லைசென்ஸ் போச்சு. மூணு ஆளுன்னா, வக்கீல் பட்டியல்ல இருக்கறது ஒரு பேருதான், மத்த ரெண்டும் போலி வக்கீல், அதுகளை எடுத்துடணும். ரெண்டுல எது வேணும்னு யோசிச்சு வை."

"எடுத்துடணும்னா, எங்க சார் போவாங்க?"

ஆளவந்தார் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "அதை ஆர்டர்ல எழுதுவாங்க" என்றார்.

ஆடுமலை வக்கீல் சங்க ஹாலில் விசாரணை. விசாரிக்கச் சமவெளியிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கோதண்டபாணி. மலைக்குளிருக்கு மப்ளரும் குரங்குக் குல்லாவும் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் தனித்தனியாக, மூன்று மாநிலத்திலிருந்தும் வந்து ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. காலையில் மூன்று பஸ்ஸில் பிரிந்து போய், மற்ற இரண்டு பேரும் அங்கிருந்து ஆடுமலைக்குத் திரும்பி, மூன்று பேரும் ஹாலுக்குள் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஒருத்தியை ஒருத்தி அவர்கள் வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரே மாதிரி கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மெம்பர் ஒருத்தர், அதனால் நாற்காலி ஒன்று என்று சங்கத்துக் குமாஸ்தா சொல்லிவிட்டதால் மூன்று பேரும் நின்றார்கள்.

அன்றைக்குப் பால் ஹுலிக்கட்டேக்காரியிடம் இருந்தது. அவள் கோட்டை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். எடுத்துவிடப்போகிற இரண்டு பேரில் தானும் ஒருத்தி என்றால் செல்லி என்ன ஆவாள் என்று நினைத்து அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் கூடவே சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"நீங்க ஒருத்தரா, மூணு பேரா?" என்று கேட்டார் நீதிபதி.

"அப்ஜெக்‌ஷன்" என்றார்கள் மூன்று பேரும்.

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டு சாட்சிகளைக் கூப்பிட்டார். மாதன் செட்டி வந்தார். "எங்க வக்கீலம்மா மேல எனக்கென்ன குறை? ஜெயிச்சுக் குடுத்தாங்க" என்றார். வர்கீஸ் வந்தார். "என்டெ வக்கீலும் ஜெயிச்சு சாரே. நல்ல வக்கீலாணு" என்றார்.

"ரெண்டு பேரும் ஜெயிச்சா அந்தப் பழத்தை யாருதான்யா தின்னது?"

"யானை" என்றார்கள் இரண்டு பேரும், முதன்முதலாக ஒத்துப்போய். தீர்ப்புக்கு முந்தின வாரமே யானை வந்து கிளையோடு ஒடித்துத் தின்றுவிட்டுத் தகரத்தையும் மிதித்துவிட்டுப் போயிருந்தது. யானை எந்த மாநிலம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆளவந்தார் எழுந்தார். "ஐயா, சாயங்காலமானா குழந்தையைத் தொட்டதும் மூணு பேரும் ஒண்ணாயிடறாங்கன்னு ஊரே சொல்லுது. குழந்தை வெளியிலதான் இருக்கு. நடுவுல விடுங்க. தொட்டு ஒண்ணாயிட்டா ஒரே ஆளு, லைசென்ஸ் கட். ஒருத்திகிட்ட மட்டும் போச்சுன்னா அவதான் வக்கீல், மத்தது ரெண்டும் தள்ளுபடி."

பெஞ்சமின் செல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். காலையிலிருந்து குழந்தை எதுவும் குடிக்கவில்லை, அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "சார், முதல்ல அவ பால் குடிச்சிடட்டும், அப்புறம் உங்க டெஸ்ட்டை வச்சுக்கங்க" என்றான். குமாஸ்தா குழந்தையை வாங்கிக்கொண்டுபோய் ஹாலின் நடுவில் சிமென்ட் தரையில் உட்காரவைத்தான்.

சகாயராணி மூன்று இடத்தில் நின்று மூன்று ஜோடிக் கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கூப்பிட்டால் போச்சு, கூப்பிடாவிட்டாலும் போச்சு. சிறுவயதில் சிஸ்டர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மூன்று பாஷையில் எதில் பதில் சொல்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்று ஆப்சென்ட் வாங்கியது ஞாபகம் வந்தது. செல்லி தரையில் உட்கார்ந்தபடி ஆடுமலைக்காரியைப் பார்த்தாள், சேரங்கடவுக்காரியைப் பார்த்தாள், ஹுலிக்கட்டேக்காரியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை, அதுவரை வயிற்றால் நகர மட்டுமே தெரிந்த பிள்ளை, கையை ஊன்றி எழும்பி, முழங்காலில் நின்று, தவழ ஆரம்பித்தாள்.

வலப்பக்கம் தவழ்ந்தாள். இடப்பக்கம் தவழ்ந்தாள். நேராகவும் தவழ்ந்தாள்.

மூன்று பேரும் குனிந்து ஆளுக்கொரு செல்லியைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் யாரோடும் ஒன்றாகவில்லை. குமாஸ்தா போய் இன்னும் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

ஹுலிக்கட்டேக்காரி உட்கார்ந்து முந்தானையை மூடி மார் கொடுத்தாள். மற்ற இரண்டு பேரும் மடியில் கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, இல்லையே கண்ணு, என்கிட்ட இல்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே சேரங்கடவுக்காரியின் ஜாக்கெட் நனைந்தது, அடுத்ததாக ஆடுமலைக்காரியின் ஜாக்கெட்டும் நனைந்தது. ஆளவந்தார்தான் முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவரைப் பார்த்து மற்ற வக்கீல்களும் திரும்பினார்கள், மாதன் செட்டியும் வர்கீஸும் திரும்பினார்கள், கடைசியில் நீதிபதியும் நாற்காலியோடு திரும்பினார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப்போல ஹால் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது. மூன்று குழந்தைகள் மிடறு விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நீதிபதி சுவரைப் பார்த்தபடியே உத்தரவு சொன்னார். "ரெண்டு பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்தா ரெண்டு குழந்தை பட்டினி கிடக்கும். ஒரே ஆளுன்னு எழுதினா மூணு குழந்தை எப்படி வந்துதுன்னு நான்தான் எழுதணும். எனக்கு முதுகு வலி வேற. வாய்தா."

"எந்தத் தேதிக்குங்கய்யா?" என்று குமாஸ்தாவும் சுவரைக் கேட்டான்.

"பச்சைக் குழந்தைக்காரிய எத்தனை தடவை அலைய விடறது? குழந்தை பால் மறக்கற வரைக்கும் வாய்தா. மறந்த மறுநாள் விசாரணை."

கேட்காமலே கிடைத்த முதல் வாய்தா அது. சகாயராணி மூன்று வாயாலும் நன்றி சொல்ல நினைத்தாள், அழுகைதான் வந்தது.

அதற்குப்பிறகு காலையில் செல்லியும் மூன்று பஸ்ஸில் போனாள். சாயங்காலம் மூன்று பேர் மூன்று குழந்தையோடு இறங்கினார்கள், தொட்டார்கள், ஒரு அம்மாவும் ஒரு பிள்ளையுமாக வீட்டுக்குப் போனார்கள். குஞ்ஞாலி காக்கா பலகையில் பால், எல்லா வண்டியும் என்று எழுதி, இனி அழிக்க வேண்டாமென்று பெயின்டிலேயே எழுதிவிட்டார். சகாயராணிக்குப் பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்தது. மற்ற அம்மாக்கள் எல்லாம் பிள்ளை பாலை மறக்கமாட்டேன் என்கிறதே என்று வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் செல்லிக்கு முளைக்கிற ஒவ்வொரு பல்லையும் கோர்ட் சம்மன் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சமின் சோற்றைக் குழந்தையின் கண்ணில் படாமல் தின்றான்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஆளவந்தார் ஒரு ஜெராக்ஸுக்காக மூங்கில்பாடிக்கு வந்து, அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். கடைசி வண்டியும் வந்து, சகாயராணி ஒரே ஆளாக ஆகி, செல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கு வணக்கம் சொல்ல நின்றாள். அந்த நேரத்தில் செல்லி குனிந்து, கையை நீட்டி, அவர் கையிலிருந்த பன்னைப் பிடுங்கி, வாயில் வைத்து, நாலு பல்லாலும் கடித்து, மென்று, விழுங்கினாள். பிறகு இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள்.

சகாயராணி செல்லியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "சார்" என்றாள்.

ஆளவந்தார் செல்லியைப் பார்த்தார், கையில் மிச்சமிருந்த பன்னைப் பார்த்தார். அதைப் பிய்த்து, டீயில் தோய்த்து, ஊதி, அவள் வாயில் வைத்தார். வைத்துவிட்டு, பெஞ்சிலேயே திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

குஞ்ஞாலி காக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பினார். கண்டக்டர்கள் மூன்று பேரும் தங்கள் தங்கள் பஸ்ஸின் தகரத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். பூக்காரி திரும்பினாள், பெஞ்சமின் மெஷினைப் பார்த்துத் திரும்பினான், வடை வாங்க வந்த வெளியூர்க்காரர்கூட எதற்கென்று தெரியாமலே திரும்பி நின்றார். மூங்கில்பாடி பஸ் ஸ்டாண்ட் முழுக்க முதுகுகளாக நின்றது. அத்தனை முதுகுக்கும் நடுவில் செல்லி சாவகாசமாகப் பன்னைத் தின்று முடித்தாள்.

"பிள்ளை இன்னும் பால்தானே குடிக்குது?" என்று சுவரைக் கேட்டார் ஆளவந்தார்.

"பால் மட்டும்தான் சார்" என்றாள் சகாயராணி, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே.